தீவைப் பார்க்கலாம், தீவில் இறங்கலாமா?

தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் தெரியும். கரைக்குத் திரும்பும் நாட்டுப்படகுகள் தெரியும். வானம் தெளிவாக இருந்தால், கடலும் வானும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு போல ஒரு தீவும் தெரியலாம். அந்தத் தீவைச் சுற்றியுள்ள நீருக்கடியில் பவளப் பாறைகள், கடற்புல் வெளிகள், கடல் குதிரைகள், கடல் அட்டைகள், நட்சத்திர மீன்கள், வண்ண வண்ண மீன் கூட்டங்கள் என ஒரு பெரிய உலகமே இருக்கிறது. ஆனால் தூத்துக்குடிப் பள்ளி மாணவர்களில் எத்தனை பேர் இதைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள்? புலியையும் ஒட்டகச்சிவிங்கியையும் படத்தில் பார்த்து அடையாளம் சொல்லும் பிள்ளை, தன் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் வாழும் பவளத்தைக் கண்டதில்லை.

"தீவுகளைத் திறந்துவிடுங்கள். வழிகாட்டியோடு சுற்றுலா நடத்துங்கள். பிள்ளைகளும் பார்ப்பார்கள், ஊருக்கும் வருமானம் வரும்" என்று சிலர் சொல்கிறார்கள். "வேண்டவே வேண்டாம். மனிதன் காலடி பட்ட இடம் உருப்பட்டதில்லை. தீவுகளைப் பூட்டியே வைத்திருங்கள்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மைகளை வைத்துக்கொண்டு முடிவு செய்யக்கூடாது. கொஞ்சம் விவரங்களைத் தெரிந்துகொண்டு பிறகு பேசுவோம்.

21 தீவுகள்

தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை கரையை ஒட்டி, மாலையில் கோத்த மணிகள் போல 21 சிறு தீவுகள் இருந்தன. இவற்றை நான்கு கூட்டங்களாகப் பிரிப்பார்கள். தூத்துக்குடிக் கூட்டத்தில் வான் தீவு, காசுவார் தீவு, காரைச்சல்லி, விலாங்குசல்லி ஆகிய நான்கு. அடுத்தது வேம்பார்க் கூட்டம், அதையடுத்துக் கீழக்கரைக் கூட்டம், கடைசியாக மண்டபம் கூட்டம். பெயர்களே சில தீவுகளின் கதையைச் சொல்லிவிடும். வேம்பார்க் கூட்டத்தில் ஒரு தீவுக்கு உப்புத்தண்ணி என்று பெயர். இன்னொன்றின் பெயர் நல்லதண்ணி. கடலோடிகளுக்கு எது முக்கியமாக இருந்தது என்பது புரிகிறதல்லவா?

எல்லாத் தீவுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் சுமார் 6 சதுர கிலோமீட்டர் பரப்புதான். எல்லாவற்றிலும் பெரியது மண்டபத்துக்கு அருகிலுள்ள முசல் தீவு. அதன் பரப்பே ஏறத்தாழ 129 ஹெக்டேர்தான். ஆனால் இந்தச் சிறு நிலத்தைச் சுற்றியுள்ள கடலின் உயிர்வளம் மிகப் பெரியது. மன்னார் வளைகுடாவில் 3,600க்கும் மேற்பட்ட தாவர, விலங்கு இனங்கள் பதிவாகியுள்ளன. கல்லைப் போன்ற கூடு கட்டும் பவள இனங்கள் மட்டும் நூற்றுக்கு மேல் உண்டு. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடல் பசு இங்குள்ள கடற்புல்லை மேய்கிறது. பேராமையும் அழுங்காமையும் இங்கே இரை தேடுகின்றன.

இந்த வளத்தைக் காக்கவே 1986ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழமில்லாக் கடலையும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. பூங்காவுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது என்பது சட்டம்.

கல்லா? உயிரா?

பவளப்பாறையைக் கல் என்று நினைப்பவர் பலர். உண்மையில் அது கோடிக்கணக்கான சிறு உயிர்கள் கட்டிய குடியிருப்பு. ஒவ்வொரு பவள உயிரும் கடல் சாமந்தியின் நெருங்கிய உறவு. மென்மையான உடல், வாயைச் சுற்றிச் சில உணர்கொம்புகள், அவ்வளவுதான். அது கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றி ஒரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. கிண்ணங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பாறையாகின்றன. உயிருள்ள பகுதி பாறையின் மேல்தோலில் மட்டுமே உண்டு. உள்ளே இருப்பது முன்னோர் விட்டுச்சென்ற வீடு.

பவள உயிரின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் தருகிறது. பவளம் பாசிக்கு இடமும் பாதுகாப்பும் தருகிறது. பவளத்தின் நிறம் பெரும்பாலும் இந்தப் பாசியால் வருவதுதான். கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்தக் கூட்டுக்குடித்தனம் முறிந்துவிடுகிறது. பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். சூடு விரைவில் தணிந்தால் பவளம் பிழைத்துக்கொள்ளும். தணியாவிட்டால் பட்டினியால் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படிப் பெரிய அளவில் வெளுப்பு ஏற்பட்டது. 2016இல் மட்டும் ஏறத்தாழ 16 விழுக்காடு பவளம் அழிந்தது என்று தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கடலுக்கடியில் இறங்கிக் கணக்கெடுத்துச் சொன்னார்கள்.

உருண்டை வடிவில் வளரும் பவள வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அப்படியானால் உங்கள் அளவுகோல் உயரமுள்ள, அதாவது 30 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பவளத்தின் வயது என்ன? உங்கள் ஆசிரியரின் வயது இருக்கும்! அதை உடைக்கவோ, ஒரு நங்கூரம் விழுந்தால் போதும்.

தேயும் தீவுகள்

மேலே "21 தீவுகள் இருந்தன" என்று எழுதியதைக் கவனித்தீர்களா? இப்போது 21 இல்லை. தூத்துக்குடிக் கூட்டத்தின் விலாங்குசல்லியும் கீழக்கரைக் கூட்டத்தின் பூவரசன்பட்டியும் கடலில் மூழ்கிவிட்டன. 1986இல் வான் தீவின் பரப்பு சுமார் 16 ஹெக்டேர். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் அது சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கியது. காரைச்சல்லியும் பெரும்பகுதியை இழந்துவிட்டது.

ஏன் தேய்ந்தன? இந்தத் தீவுகள் பவளச் சிதறலும் மணலும் குவிந்து உருவானவை. சுற்றியுள்ள பவளப்பாறை அலையின் வேகத்தை உடைத்துத் தீவைக் காத்துவந்தது. ஆனால் பல்லாண்டுக் காலம் தூத்துக்குடிப் பகுதியில் பவளத்தைப் பெயர்த்துப் படகு படகாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போனது. கட்டுமானக் கல்லாகவும் போனது. வேலி பிடுங்கப்பட்ட தோட்டம் என்ன ஆகும்? அலை நேரே தீவைத் தாக்கியது. மணல் கரைந்தது. 2001இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் கல் எடுப்பது நின்றது.

வான் தீவைக் காக்க, கடலடியில் செயற்கைப் பாறைகளை வரிசையாக வைத்து அலையின் வேகத்தைக் குறைக்கும் வேலை 2015 முதல் நடந்தது. தேய்வு நின்று மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. இயற்கை இலவசமாகச் செய்துகொடுத்த வேலையை நாம் சிமென்ட்டும் கம்பியும் செலவழித்துச் செய்ய வேண்டியிருக்கிறது!

மூடி வைத்தால் போதுமா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பவளத்தை வெட்டி எடுத்தவர்கள் யார்? சுற்றுலாப் பயணிகள் அல்லர். பவளத்தை வெறும் கல் என்று நினைத்தவர்களும், அந்தக் கல்லுக்கு விலை கொடுத்தவர்களுமே அதற்குக் காரணம். அந்தக் கல்லில் கட்டிய வீட்டில் குடியிருந்தவர்களுக்கு, சுவரில் இருந்தது ஓர் உயிரின் கூடு என்பதே தெரிந்திருக்காது. தெரியாத ஒன்றை யாரும் காக்கமாட்டார்கள். எனவே, பூட்டு மட்டும் போட்டால் போதும் என்பவர்களை நான் ஏற்கவில்லை. பூட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத ஊர், பூட்டு உடைபட்டாலும் கவலைப்படாது. தூத்துக்குடி மாணவர்கள் இந்தக் கடலைப் பார்க்க வேண்டும், கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆனால் எப்படிப் பார்ப்பது?

பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கதையைப் பாருங்கள். விலங்கியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நன்கு தெரியும். இங்குள்ள மணலில் பலனோகிளாசஸ் என்ற புழு போன்ற உயிர் வளை தோண்டி வாழ்கிறது. பார்வைக்குப் புழு, ஆனால் அதன் தொண்டையில் மீனுக்கு இருப்பது போன்ற செவுள் பிளவுகள் உண்டு. முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகெலும்புள்ள உயிர்களுக்கும் இடையிலுள்ள உறவைப் புரிந்துகொள்ள உதவும் விலங்கு இது. 1927இலேயே சென்னை அரசு அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கடலோர உயிர்களைப் பற்றித் தனி வெளியீடு கொண்டுவந்தது. பிறகு பல்லாண்டுக் காலம் நாட்டின் பல பகுதிகளிலிருந்து கல்லூரி மாணவர்கள் அங்கே வந்தார்கள். அவர்கள் கற்றது ஏராளம். ஆனால் அந்நாளைய வழக்கப்படி, பார்த்ததைப் பிடித்துக் குப்பியில் போட்டு ஃபார்மலின் ஊற்றிக் கல்லூரிக்குக் கொண்டுபோவதும் பாடத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஒரு வகுப்பு ஒரு நட்சத்திர மீனை எடுத்தால் கடலுக்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் நூறு வகுப்புகள் எடுத்தால்?

அண்மை ஆண்டுகளில் வனத்துறை பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகில் பயணிகளை அழைத்துச்செல்லும் சூழல் சுற்றுலாவைத் தொடங்கியது. பாக் நீரிணைப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காடுகளுக்குள் படகுப் பயணம் நடக்கிறது. இவற்றைப் பார்த்துத்தான், "எங்கள் ஊர்த் தீவுகளையும் திறந்துவிடுங்கள்" என்ற ஆசை தூத்துக்குடியில் எழுகிறது. ஆசை நியாயமானதே. ஆனால் நம் தீவுகள் நோயாளிகள். நோயாளியைப் பார்க்கப் போகலாம். கட்டிலில் ஏறி உட்காரக்கூடாது.

ஒரு சிறு கணக்கு

தாளும் பென்சிலும் எடுங்கள். ஒரு சிறு தீவுக்கு ஒரு நாளைக்கு 100 பேர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தீவிலும் அதைச் சுற்றியுள்ள முழங்கால் அளவு நீரிலும் 500 அடிகள் எடுத்து வைக்கிறார்கள். மொத்தம் 50,000 மிதிப்புகள். ஆண்டில் 150 நாட்கள் படகு போகிறது என்றால் 75 லட்சம் மிதிப்புகள்! சில ஹெக்டேர் மட்டுமே உள்ள ஒரு மணல் திட்டு இதைத் தாங்குமா? மணலைப் பிடித்து வைத்திருக்கும் அடம்பு போன்ற கொடிகள் மிதிபட்டால் காற்றுக்கே மணல் பறந்துவிடும். ஒவ்வொருவரும் மிகவும் கவனமாக நடப்பவராகவே இருக்கட்டும். நூற்றில் ஒரு மிதிப்பு மட்டும் தவறான இடத்தில் விழட்டும். அப்போதும் 75,000 தவறான மிதிப்புகள் ஆகின்றன. நல்ல மனம் இருந்தால் போதும் என்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

உலகப் புகழ்பெற்ற காலபாகோஸ் தீவுகளில் என்ன செய்கிறார்கள்? டார்வின் ஆய்வு செய்த அந்தத் தீவுகள் 1959இல் தேசியப் பூங்கா ஆயின. அங்கே உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் பூங்காப் பகுதிக்குள் போக முடியாது. குறித்துவைத்த பாதையை விட்டு விலகக்கூடாது. எந்த விலங்காக இருந்தாலும் இரண்டு மீட்டருக்குள் நெருங்கக்கூடாது. எல்லா இடங்களையும் பயணிகளுக்குத் திறந்துவிடவும் இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. காலபாகோஸ் தீவுகளில் பல, எரிமலைக் குழம்பு இறுகிய பெரும் பாறைத் தீவுகள். நம்முடையவை சிறு மணல் திட்டுகள். அங்கே உள்ள விதிகளைவிட இங்கே விதிகள் கடுமையாக இருக்க வேண்டும், தளர்வாக இருக்கக்கூடாது.

முத்துப்பார் சொல்லும் பாடம்

விதிக்காக நாம் காலபாகோஸ் வரை போக வேண்டியதில்லை. நம் முன்னோரிடமே ஒரு நல்ல விதி இருந்தது.

தூத்துக்குடி என்றாலே முத்து. பழங்காலத்தில் கொற்கைத் துறையிலிருந்து உலகெங்கும் போன முத்து இந்தக் கடலில் குளித்து எடுத்ததுதான். கடலடியில் முத்துச்சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகளைப் பார் என்பார்கள். தொல்லாயிரம் பார் என்ற பெயரை இன்றும் நம் மீனவர்கள் சொல்வார்கள். குளியாட்கள் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, பல பாகம் ஆழத்துக்கு இறங்கிச் சிப்பி அள்ளினார்கள்.

ஆனால் நினைத்த ஆண்டெல்லாம் முத்துக் குளிக்க விடமாட்டார்கள். முதலில் பார்களைச் சோதிப்பார்கள். குளியாட்களை இறக்கி மாதிரிக்குச் சிப்பிகளை எடுப்பார்கள். எத்தனை இருக்கின்றன, எந்த வயது, எண்ணிப் பார்த்தால் எவ்வளவு முத்து தேறும் என்று மதிப்பிடுவார்கள். சிப்பி இளசாகவோ குறைவாகவோ இருந்தால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. இப்படி ஒரு குளிப்புக்கும் அடுத்த குளிப்புக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விழுந்ததும் உண்டு. சங்குக் குளிப்பிலும் இதே போன்ற ஒழுங்கு இருந்தது. எடுத்த சங்கை ஓர் அளவு வளையத்தில் நுழைத்துப் பார்ப்பார்கள். நுழைந்துவிட்டால் அது இளஞ்சங்கு. மீண்டும் கடலில் விட்டுவிட வேண்டும்.

இந்த ஒழுங்கு இருந்தும் முத்து நிலைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1955இல் தொடங்கி 1961 வரை நடந்ததே இங்கே கடைசி முத்துக்குளிப்பு. அதன்பின் பார்களில் போதிய சிப்பி சேரவில்லை. நல்ல விதிகளோடு நடந்துகொண்டபோதே கடல் இப்படிக் கைவிரித்தது என்றால், விதியே இல்லாமல் நுழைந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள்.

இன்னொரு பாடமும் உண்டு. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் அழகர்சாமியும் குழுவினரும் சிப்பிக்குள் உட்கரு வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார்கள். பாரைச் சுரண்டாமலே முத்து கிடைக்க வழி பிறந்தது. பழைய ஆசைக்குப் புதிய வழி! தீவைக் காணும் ஆசைக்கும் அப்படி ஒரு வழி தேடுவதே அறிவியல் மனப்பான்மை.

எனவே என் கருத்து இதுதான்: முதலில் எண்ணுவோம், பிறகே திறப்போம். எந்தத் தீவைச் சுற்றிப் படகு விடுவதாக இருந்தாலும், அங்குள்ள பவளம், கடற்புல், பறவை, ஆமை ஆகியவற்றை ஆண்டுதோறும் கணக்கெடுக்க வேண்டும். கணக்கு குறைந்தால் அந்த ஆண்டு சுற்றுலா இல்லை. டிக்கெட் விற்ற கணக்கைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. தூத்துக்குடிக் கூட்டத்தின் மூன்று தீவுகளிலும் யாரும் இறங்கக்கூடாது. படகிலிருந்து பார்ப்போம். அடிப்புறம் கண்ணாடி பதித்த படகானால் பவளத்தையே பார்க்கலாம். பவளத்தின் மேல் நங்கூரம் போடக்கூடாது. நிலையான மிதவைகளில் படகைக் கட்டவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தக் கடல் கொந்தளிக்கும், நீரும் கலங்கியிருக்கும். அம்மாதங்களில் பயணமே கூடாது.

வழிகாட்டி யார்?

வழிகாட்டி என்றதும் சீருடை அணிந்து, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் ஒருவர் நம் நினைவுக்கு வருகிறார். இந்தக் கடலுக்கு அவர் போதாது. எந்தப் பாரில் எந்த மீன், கச்சான் காற்று வீசினால் நீரோட்டம் எப்படித் திரும்பும், ஆமை எங்கே தலை தூக்கும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் நம் கடற்கரையில் இருக்கிறார்கள். சங்கு குளித்தவர், வலை வீசியவர், பாசி பறித்தவர். இவர்களே வழிகாட்டிகளாக வேண்டும். அறிவியலாளர் அவர்களுக்குப் பயிற்சி தரட்டும். அவர்களிடமிருந்து கற்கவும் கற்கட்டும்.

இதில் நியாயம் பற்றிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. மண்டபம், பாம்பன் பகுதிகளில் பல நூறு பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி முழுகிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்தவர்கள். பூங்கா விதிகள் வந்தபின் தீவுப் பக்கம் போனதற்காக அவர்கள் தடுக்கப்பட்டார்கள், இன்னலுக்கு உள்ளானார்கள். அதே பெண்கள் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டதும் உண்டு. மாதத்தில் 12 நாட்கள் மட்டும் பாசி எடுப்பது, இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று. இவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பு தன் விருதை வழங்கியது. அந்தத் தாய்மார்களை வெளியே நிறுத்திவிட்டு, டிக்கெட் வாங்கியவர்களை மட்டும் உள்ளே விடுவது எப்படி நியாயமாகும்? பாசி பறிக்கும் கை கெடுதல் என்றால், வேடிக்கை பார்க்க மிதிக்கும் காலும் கெடுதல்தான். சுற்றுலாவில் வரும் பணமும் வேலையும் முதலில் இந்த ஊர்களுக்கே போகவேண்டும். தீவு உயிரோடு இருந்தால்தான் தங்களுக்குப் பிழைப்பு என்ற நிலையில் உள்ளவர்களே நல்ல காவலர்கள்.

அதேபோல, படகில் முதல் இடம் கடலோரப் பள்ளி மாணவர்களுக்கு வேண்டும். தருவைகுளத்திலும் வேம்பாரிலும் படிக்கும் பிள்ளை கரையிலேயே நிற்க, தொலைவிலிருந்து காரில் வந்தவர் மட்டும் பவளம் பார்ப்பது சரியல்ல.

தொட்டுப் பார்க்காமல் அறிவியலா?

"தள்ளி நின்று பார்த்தால் எப்படிக் கற்பது? தொட்டுப் பார்க்க வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நானும் செய்து கற்பதையே ஆதரிப்பவன். ஆனால் தொடுவதற்குத் தீவுக்குப் போகவேண்டியதில்லை.

காலையில் மீன் இறங்கும் துறைக்குப் போங்கள். விலைபோகாமல் ஒதுக்கிய குவியலைப் பாருங்கள். நண்டு, சிப்பி, நட்சத்திர மீன், கடற்பஞ்சு என ஒரு விலங்கியல் வகுப்பே அங்கே கிடக்கும். மீனவ அண்ணன்களிடம் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஊர்ப் பெயர் சொல்வார்கள். ஏற்கெனவே இறந்தவை என்பதால் நாம் தொடுவதால் கடலுக்கு இழப்பில்லை. (கல் மீன், கூம்புச் சங்கு போன்ற நச்சு உயிர்களும் உண்டு; பெரியவர் துணையில்லாமல் எதையும் தொடவேண்டாம்.) கடல் வற்றும் நேரத்தில் கரையோரம் நடந்தால் குழி தோண்டும் நண்டுகளைப் பார்க்கலாம். உப்பளங்களில் குளிர்காலத்தில் வந்திறங்கும் பறவைகளை எண்ணலாம். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல், பழையகாயல் பக்கம் அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்களைக் காணலாம். தீவுப் பயணம் கிடைக்கும் நாளில், கண்முன் இருப்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பயிற்சியே உதவும். கரையைப் பார்க்கக் கற்றுக்கொள்ளாதவருக்குத் தீவும் வெறும் மணல்தான்.

நீங்களே செய்யக்கூடிய ஒரு கருவியைச் சொல்கிறேன். கடலின் மேற்பரப்பில் அலை நெளிவதாலும் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதாலும் அடியில் இருப்பது நமக்குத் தெரிவதில்லை. பழைய எண்ணெய் டின் ஒன்றின் இரு பக்கங்களையும் பெரியவர் ஒருவரைக் கொண்டு வெட்டி, விளிம்பைத் தட்டிச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை இழுத்து வைத்து ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டுங்கள். அந்தப் பக்கத்தை நீருக்குள் சற்றே அமிழ்த்தி, மறு பக்கம் வழியே பாருங்கள். நெளிவும் தெறிப்பும் மறைந்து நீருக்கடியில் உள்ளது தெளிவாகத் தெரியும். முதலில் குளத்திலோ தொட்டியிலோ முயன்று பாருங்கள். கண்ணாடிப் படகும் இதே தத்துவத்தில் வேலை செய்வதுதான்.

பார்த்தவர் எழுத வேண்டும்

கடைசியாக ஒன்று. சுற்றுலாப் பயணி பார்த்துவிட்டுப் போய்விடுவார். மாணவர் பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு படகிலும் ஒரு பதிவேடு இருக்கட்டும். நாள், நேரம், காற்று, நீர் தெளிவா கலங்கலா, எந்த இடத்தில் என்ன கண்டோம், எத்தனை, பவளம் எங்காவது வெளுத்திருக்கிறதா, வலைத் துண்டு சிக்கியிருக்கிறதா? பத்து ஆண்டுகள் இப்படி எழுதி வந்தால் தூத்துக்குடிக் கடலின் உடல்நிலைக் குறிப்பு நம் கையில் இருக்கும். தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கடல் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. மாணவர் எழுதியதைச் சரிபார்க்கவும் அவர்களுக்கு வழிகாட்டவும் ஆட்கள் ஊரிலேயே உண்டு. இந்தப் பதிவேட்டை வைத்தே அடுத்த ஆண்டு படகு போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். அப்போது நீங்கள் வேடிக்கை பார்ப்பவர் அல்லர். பார் சோதித்த பழைய குளியாட்களைப் போல, கடலின் கணக்கைச் சொல்பவர்.

விலாங்குசல்லித் தீவை இனி யாரும் பார்க்க முடியாது. காரைச்சல்லியையும் வான் தீவையும் உங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டுமானால், அவற்றில் இறங்காமலே பார்க்கும் முதல் தலைமுறையாக நீங்கள் இருக்க வேண்டும்.

இந்தக் கருத்தை எல்லோரும் ஏற்க வேண்டும் என்பதில்லை. "ஒரு தீவையாவது நடந்து பார்க்கத் திறக்கலாம்" என்று நினைக்கிறீர்களா? "படகும் வேண்டாம்" என்கிறீர்களா? வகுப்பில் இரு அணியாகப் பிரிந்து விவாதியுங்கள். ஆனால் ஒரு விதி: ஒவ்வொருவரும் ஒரு முறையாவது மீன் இறங்கும் துறைக்கோ உப்பளத்துக்கோ போய், கண்டதை எழுதிக்கொண்டு வந்த பிறகே பேசவேண்டும். உங்கள் முடிவையும் அதற்கான காரணங்களையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.